வாங்கியவர், இடம், நேரம்

ஜூன் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். குடோன் கூரை ஒழுகி மூன்று பெட்டி நனைந்துவிட்டது. அட்டையைக் கிழித்து, வேறு பெட்டியில் மாற்றி, பிளாஸ்டிக் பட்டை இழுத்துக் கட்டினேன். இரண்டு பட்டை அறுந்தது. கோபத்தில் இழுத்தால் அறுந்துவிடும் என்று தெரியும். தெரிந்தேதான் இழுத்தேன்.

இன்று செய்தவை:
- ஷார்ஜாவில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பெட்டிகள் 38. பிரித்து வேனில் ஏற்றியது.
- நேற்று வீடுகளில் கொடுத்த பெட்டிகளுக்கு, அனுப்பியவர்களுக்கு மெசேஜ். அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஒன்பதரைக்கு முன்னால் அனுப்பினால் தூக்கத்தைக் கெடுத்தாய் என்று வைவான்கள்.
- கூரைக்காரனுக்குப் போன். எடுக்கவில்லை. கையில் கிடைத்தால் கழுத்தைத் திருகலாம்.

தமிழ் எழுத்தில் அனுப்பினால் எழுபது எழுத்துக்கு மேல் இரண்டு மெசேஜ் ஆகிவிடும் என்று முதலாளி மறுபடியும் சொன்னார். அதனால்தானே ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறோம். மூன்று வருடமாக அடிக்கிறேன், எனக்கே பாடம் எடுக்கிறார்.

அந்த மெசேஜின் வடிவமே நான் போட்டதுதான். 'உங்கள் பெட்டி கிடைத்தது. வாங்கியவர், இடம், நேரம்.' முன்பெல்லாம் 'கிடைத்தது' என்று மட்டும் போகும். ஒரு வீட்டில் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு வரவே இல்லை என்று சாதித்தார்கள். அன்றைக்குத்தான் இந்த மூன்றையும் சேர்த்தேன். அதன்பிறகு ஒரு புகார் கிடையாது. கல்ஃபில் லேபர் கேம்ப்பில் படுத்துக் கிடப்பவனுக்குத் தன் பெட்டி யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று தெரிய வேண்டாமா? பதினோரு வருடம் நானும் அங்கே கிடந்தவன்.

காலையில் பெண்டாட்டி லில்லியை ஓர் அடி. சட்டை தேய்க்கவில்லை. கேட்டால், "கரண்டு இல்லியே" என்றாள். கரண்ட் இருந்ததா இல்லையா, இப்போது நினைவில்லை. ஒரே அடிதான். மகள் அபிஷா பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

வெயில். பிறகு சாரல். பிறகு வெயில்.

அஞ்சுகிராமம் பெட்டியால் இன்று பெரிய கூத்து. அனுப்பியவர் ஜெகன், ஷார்ஜா. வாங்க வேண்டியவர் அவன் பெண்டாட்டி கலா. முகவரி கலாவின் அம்மா வீடு. வேன் ஓட்டும் சுயம்பு அங்கிருந்து போன் பண்ணினான்.

"அண்ணாச்சி, கெழவி கதவையே தொறக்க மாட்டேங்கா. ஜன்னல் வழியா கெடந்து வையுதா. 'அவ இங்க இல்ல, பெட்டியும் வேண்டாம், அவனும் வேண்டாம், எடுத்துட்டுப் போ'ங்கா."

கல்ஃப் பெட்டியைத் திருப்பி அனுப்புகிற வீடு இந்த மாவட்டத்தில் உண்டா? வேன் தெருவில் நுழைந்தாலே பத்துப் பேர் கூடி, ஆள் இல்லாவிட்டாலும் தேடிப் பிடித்து ஒப்படைத்துவிட்டுத்தான் ஓய்வார்கள். இன்றும் அதுதான் நடந்தது. சைக்கிள் கடைக்காரர் ஒன்று சொல்ல, மருந்துக் கடைக்காரர் ஒன்று சொல்ல, இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒருத்தி, "அவ பூதப்பாண்டியில கோயிலுக்குப் பொறத்தால தையக்கடை வச்சிருக்காளே, தெரியாதா?" என்று சொல்லிவிட்டாளாம். சுயம்பு நேராகப் பூதப்பாண்டிக்கு விட்டான்.

அங்கேயும் அந்தப் பெண் வேண்டாம் என்றாளாம். அதற்குள் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் கூடி, பெட்டியை அவர்களே கடைக்குள் இழுத்து வைத்துவிட்டார்கள். சுயம்பு வழக்கம்போலப் போட்டோ எடுத்தான். அப்புறம் எனக்குப் போன்.

"அந்தப் பிள்ளை மெசேஜ் மட்டும் அனுப்பாண்டாம்னு சொல்லுது அண்ணாச்சி. கையப் புடிக்காத கொறையாக் கேக்கு."

"ஏலே, பெட்டியும் வேணும், வாங்கினது தெரியவும் கூடாதா? இந்த வித்தைய எத்தனை கண்டவன் நான்."

"வித்தை மாதிரித் தெரியல்ல."

"உனக்கு என்ன தெரியும்? வண்டிய ஓட்டு."

அனுப்பினேன். வெறும் ஊர்ப் பெயரோடு நிறுத்தவில்லை. வாங்கியவர்: கலா. இடம்: பூதப்பாண்டி, கோயிலின் பின் தெரு, தையல் கடை. நேரம்: 12.40. அவள் மறைக்கப் பார்க்கிறாள் என்ற கடுப்பில் கூடுதலாகவே எழுதினேன்.

இரண்டே நிமிடத்தில் ஆபீஸ் வாட்ஸப்புக்குப் பதில் வந்தது. 'ரொம்ப நன்றி அண்ணா. ஆறு மாசமா அவ எங்க இருக்கான்னே தெரியாம தவிச்சேன். போட்டோ இருந்தா அனுப்புவீங்களா?'

பாவமாக இருந்தது. போட்டோவை அனுப்பினேன். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஒல்லியான பெண். கேமராவைப் பார்க்கவில்லை.

பிறகு கொஞ்ச நேரம் பேச்சு. எந்த கேம்ப், என்ன வேலை, யார் ஃபோர்மேன். பெண்டாட்டி போனபிறகு ரூமை விட்டு கேம்ப்புக்கு மாறினானாம்; நான் இருந்த இடத்துக்குப் பக்கத்து கேம்ப்தான். 'அவளுக்குக் கோபம் அதிகம் அண்ணா, இங்கிருந்து சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டா' என்றான். நான் எழுதினேன்: 'பெண்டுகள் கோவிச்சிட்டுப் போறது சகஜம் தம்பி. கொஞ்சம் அடக்கி வைக்கணும். எனக்கவளையும் ரெண்டு போட்டுத்தான் வழிக்குக் கொண்டு வந்தேன்.' சிரிக்கிற பொம்மை மூன்று போட்டேன். அவன் கும்பிடுகிற கை போட்டான்.

இரவுச் சாப்பாடு: சாளை மீன் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு. நன்றாக இருந்தது. லில்லியிடம் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

வடசேரி சந்தையில் மீன்காரிகள் இரண்டு பேர் அடிதடி. ஒரு வாளி அயிலைக்கு. "ஒனக்க மண்டையப் பொளந்து அதுல ஐஸு போட்டு வைப்பேம்டி!" என்றாள் ஒருத்தி. மற்றவள் தராசுத் தட்டைத் தூக்கிவிட்டாள். நெற்றியில் ரத்தம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

குடோனில் எலி. பட்டை இழுக்கிற இரும்புக் கருவியை எடுத்து ஓர் அடி அடித்ததில் முடிந்துவிட்டது. மேலும் மூன்று அடித்தேன். தரையைக் கழுவ வேண்டியதாயிற்று.

ஜெகன் மறுபடியும் மெசேஜ். 'கடை எத்தனை மணிக்குத் திறப்பா அண்ணா? கூட யாராவது உண்டா? சர்ப்ரைஸா போன் பண்ணணும்.' சுயம்புவிடம் கேட்டேன்.

"ஒம்பதுலேந்து ஆறு வரைக்கும். ஒத்தைக்குத்தான் இருக்கா. எதுக்குக் கேக்கீரு?"

"புருசன் கேக்கான்."

"எனக்கென்னவோ அந்தப் பிள்ளைக்க மொகம் சரியாப் படல்ல அண்ணாச்சி."

"நீ என்ன ஜோசியனா?"

ஒன்பது முதல் ஆறு, தனியாகத்தான் இருக்கிறாள் என்று பதில் போட்டேன்.

கூரைக்காரன் வந்தான். தார்ச்சீலை ஒட்டினான். மூன்று இடத்தில் இன்னும் சொட்டுகிறது. அபிஷாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

கோபம் அடங்கவில்லை. எழுதிவிட்டால் அடங்கும்.

காலை பதினொரு மணி. ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பெட்டியை ஆட்டோக்காரர் தூக்கி வந்து என் மேஜைமேல் வைத்தார். போட்டோவில் பார்த்த பெண். கலா. இருபத்தெட்டு வயது இருக்கலாம்.

"நீங்கதானா மெசேஜ் அனுப்பினது?"

ஆமாம் என்றேன். நான் அவளுக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். "இங்கோட்டு வந்து பேசுங்க. அந்தப் பக்கம் கேக்காது" என்றாள். சுற்றிப்போய் வலப்பக்கம் நின்றேன்.

பெட்டியைத் திறந்தாள். மேலே கம்பளி. பால் பவுடர் இரண்டு டின். சோப்பு ஒரு வரிசை. தைலம். எல்லார் வீட்டுப் பெட்டியிலும் இருப்பதுதான். அதற்குக் கீழே துணி. சுடிதார் நாலைந்து, நைட்டி, ஒரு பட்டுச் சேலை. அவள் அவனோடு ஷார்ஜாவில் இருந்தபோது உடுத்தியவை; விட்டுவிட்டு ஓடி வந்தவை. ஒவ்வொன்றையும் இரண்டு விரல் அகலத்துக்கு நாடா நாடாக வெட்டியிருந்தான். வெட்டியதை இஸ்திரி போட்டு, மடித்து, அடுக்கி வைத்திருந்தான். அவள் பட்டுச் சேலையைத் தூக்கினாள். மேஜை முழுக்க நாடாவாகக் கொட்டியது.

"கலியாணச் சேலை" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அவள்மேல்தான்! "அப்பிடின்னா பெட்டிய ஏன் வாங்கின?" என்று கத்தினேன்.

"நான் வாங்கல்ல. நீங்க எறக்கினீங்க."

"முன்னாலயே சொல்லியிருக்கணும்."

"சொன்னனே. மெசேஜ் அனுப்பாண்டாம்னு அந்த அண்ணன்ட்ட சொன்னனே. போன வருசம் எனக்க செவிட்டுல அடிச்சான். அந்தக் காது அன்னைக்குப் போச்சு. ஓடி வந்த பெறகு எனக்க அம்மைக்குப் போன் போட்டு, எங்க இருக்கான்னு தெரிஞ்ச அன்னைக்குக் கழுத்தறுப்பேன்னு சொன்னான். அம்ம ஆறு மாசமாத் தெருவுல ஒரு ஆள்கிட்ட எனக்க பேரச் சொல்லல்ல. பெட்டி போட்டா நீங்க தேடிக் கண்டுபிடிச்சுக் குடுப்பியன்னு அவனுக்குத் தெரியும். அதுக்குத்தான் போட்டிருக்கான்."

சுயம்பு வாசலில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"போட்டோவும் அனுப்பினீங்களா?" என்றாள் அவள்.

போனை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். அதுவே பதில் ஆயிற்று. கடை நேரத்தையும் சொல்லிவிட்டேன் என்பதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. சுயம்பு சொன்னான். அவள் அழவில்லை. "அப்பம் அளவெடுத்துக் குடுத்துட்டீங்க. இனி வெட்டுகது மட்டுந்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சாயா வாங்கிக் கொடுத்தோம். குடிக்கவில்லை.

போலீஸில் சொல்லலாமே என்றேன். ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். ஆள் வெளிநாட்டில் இருக்கிறான், வந்தால் பார்ப்போம் என்றார்களாம்.

எனக்கு அவனைக் கொல்ல வேண்டும்போல இருக்கிறது. நிஜமாகவே. இந்த நாள் முழுக்க நினைத்தது அதைத்தான். எங்கே அடித்தால் விழுவான், எத்தனை அடி.

ஜூன் 7, வெள்ளி

அடைமழை. அங்கே லீவு நாள். மெசேஜ் வேலை குறைவு.

கா. 9.40: ஜெகனுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். 'தம்பி, தவறாகச் சொல்லிவிட்டோம், அது வேறு ஆள்.' ஒரே டிக். 10.30, ஒரே டிக். 11, ஒரே டிக். சாதாரண மெசேஜும் அனுப்பிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்ததாக வரவில்லை.

அங்கே வேலை செய்தவனுக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகாது. லீவு நாளில் போனை அணைத்து வைக்கிறவன் எவனும் இல்லை. விமானத்தில் இருக்கிறான்.

செய்தது:
1. சுயம்புவை அழைத்து, கலாவையும் அவள் அம்மாவையும் உடனே வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.
2. "எங்க கொண்டு விடட்டும்?" என்றான். "எனக்குச் சொல்லாதே" என்றேன். "எனக்கும் சொல்லாதே, முதலாளிக்கும் சொல்லாதே, எவன் வந்து கேட்டாலும் இடம் மட்டும் சொல்லாதே. எனக்க வாயில நிக்காது." சத்தியம் செய் என்றேன். தன் பிள்ளைகள்மேல் செய்தான்.
3. ஜெகனுக்கு இன்னொரு மெசேஜ். 'காலையில் சொன்னது தவறு. பெட்டி எங்கள் ஆபீஸுக்கே திரும்பி வந்துவிட்டது. அவர் இடம் மாறிவிட்டார். புது முகவரி வேண்டுமானால் ஆபீஸுக்கு நேரில் வரவும்.' போனைத் திறந்ததும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பூதப்பாண்டிக்குப் போகாமல் என்னிடம் வரட்டும்.
4. ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. ஒரு பெண். கேட்டுக்கொண்டார். "வந்தா உக்கார வச்சுப் பேசுங்க. போன் பண்ணுங்க, பத்து நிமிசத்துல வாறோம். நீங்க கை வைக்காதீங்க" என்றார். சரி என்றேன்.

மா. 5.20: இரண்டு டிக். நீலமாயிற்று. பதில்: 'ஊருக்கு வந்தாச்சு அண்ணா. நாளைக்கு ஆபீஸ் வாறேன். உங்களுக்கு ஒரு சின்ன கிஃப்ட் உண்டு.'

வீட்டில் லில்லியிடம் சொன்னேன். எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர. அவள் மார்த்தாண்டம் பக்கம். பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் பேசுகிற பெண், முன்பு. இன்று ஒன்றுதான் கேட்டாள். "நீங்க அவனுக்கு என்னத்த எழுதி விட்டீங்க?"

"பெட்டி வந்த மெசேஜ்தான்."

"வேற?"

"வேற என்ன?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது வேறு.

11.10க்கு வந்தான். நான் நினைத்த ஆள் இல்லை. குள்ளம். சவரம் செய்த முகம். தேய்த்த சட்டை, முதுகில் பை. "அண்ணா" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டான். சாக்லேட் பாக்கெட் ஒன்றை மேஜைமேல் வைத்தான். "உங்க பிள்ளைக்கு."

உட்கார வைத்தேன். உள்ளே போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் பேச வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"பிளைட் எப்படி?"

"கொள்ளாம், நல்லாத்தான் இருந்து. கூட்டம். அண்ணா, புது அட்ரஸ்?"

"பாத்துட்டு இருக்கு. சிஸ்டம் சுத்துகு."

"பெட்டியத் தொறந்தாளா?"

"தெரியாது."

சிரித்தான். "தொறந்திருப்பா" என்றான். பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான். கேம்ப் பற்றிப் பேசினேன், வெயிலைப் பற்றிப் பேசினேன். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

"தம்பி, அவளை விட்டிரு. அவ போய்ட்டா. ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிட்டாப் போச்சு."

முகம் மாறவில்லை. அதே சிரிப்பு. போனை எடுத்தான். தள்ளித் தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தி, என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"என்ன அண்ணா இப்பிடிப் பேசுதீங்க? நீங்கதானே எழுதினீங்க. 'எனக்கவளையும் ரெண்டு போட்டுத்தான் வழிக்குக் கொண்டு வந்தேன்.' நீங்க ரெண்டு போட்டீங்க. எனக்குக் கொஞ்சம் கூடிப் போச்சு. நீங்களும் நானும் ஒண்ணுதானே?"

பட்டை இழுக்கிற கருவி மேஜைக்குக் கீழே இருந்தது. காலையிலேயே அங்கே எடுத்து வைத்திருந்தேன். எதற்காக வைத்தேன் என்று இப்போது கேட்டுக்கொள்ள மாட்டேன். முதல் அடி தோளில். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, விறகு முறிகிற மாதிரி. நாற்காலியோடு விழுந்தான். இரண்டாவது முழங்கையில். மூன்றாவது முட்டியில். போன் இன்னும் அவன் கையில் இருந்தது, அதை அடித்தேன். விரலும் சேர்ந்து போயிற்று. அவன் "அண்ணா, அண்ணா" என்று கத்தினான். அடிக்க அடிக்க உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. இத்தனை சுகமாக எனக்கு இருந்ததே இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

சுயம்பு பின்னால் வந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். "போதும் அண்ணாச்சி! செத்திருவான்! போதும்!" இழுக்கிற வேகத்தில் அவன் வாயிலும் என் முழங்கை பட்டது. உதடு கிழிந்தது.

பை உருண்டு, ஜிப் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய புது வெட்டுகத்தி வெளியே வந்தது. கடைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. வருகிற வழியில் வாங்கியிருக்கிறான்.

போலீஸ் வந்தது. கத்தியைப் பார்த்ததும்தான் அடித்தேன், தற்காப்பு, என்று எழுதிக் கொடுத்தேன். சுயம்புவும் கிழிந்த உதட்டோடு அதையே சொன்னான். கத்தி விழுந்தது கடைசியில்தான்.

அவன் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறான், காவல் போட்டிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வான். இரண்டு கையும் ஒரு முட்டியும். அவன்மேல் கொலை முயற்சி வழக்கு எழுதுகிறார்களாம். என்மேலும் ஒன்று எழுதி, ஜாமீனில் விட்டார்கள்.

அழைத்துப்போக லில்லி வந்தாள், தன் அத்தானோடு. அதற்குள் எஸ்.ஐ. ஆபீஸ் போனை வாங்கி, அவனுக்கும் எனக்கும் நடந்த பேச்சை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்வதற்காகச் சத்தமாகப் படித்தார். போட்டோ. கடை நேரம். பிறகு அந்த வரி. அந்த வரியில் ஒரு நொடி நிறுத்தினார். தலையைத் தூக்கி லில்லியைப் பார்த்தார். மறுபடி படித்தார். "சிரிக்கிற பொம்மை மூணு. எழுதிக்கிட்டீங்களா?" என்று ரைட்டரிடம் கேட்டார்.

லில்லி பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சொன்னாள். "ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. எண்ணிப் பாத்தீங்களா?"

ஜூன் 9, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. கை வீங்கி, பேனா பிடிக்க வலிக்கிறது.

லில்லியும் அபிஷாவும் கோயிலுக்குப் போனார்கள். என்னை வர வேண்டாம் என்றாள். திரும்பி வந்து சோறு போட்டாள். கோழிக் குழம்பு. உப்பு சரியாக இருந்தது. சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 'லில்லி, நான்' என்று ஆரம்பித்தேன். அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைத் தட்ட எழுந்தேன். அபிஷா நடுவில் வந்து நின்றாள். கையில் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த காம்பஸ். முனை என் பக்கம். பதினான்கு வயது. ஜியாமெட்ரி பாக்ஸ் யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

போன்கள்:
- முதலாளி: "ஒரு மாசம் லீவு எடுத்துக்கிடும். கஸ்டமர் மத்தியில பேச்சாப் போச்சு." நாளைக்கு வந்து சாவியை ஒப்படைக்கச் சொன்னார்.
- கூரைக்காரன்: "அண்ணாச்சி, கலக்கிட்டீரு. கூரைய இன்னொருக்கா ஒழுங்கா ஒட்டித் தாறேன்." பயந்திருக்கிறான்.
- கலா, சுயம்புவின் போனிலிருந்து. "நன்றி சொல்லணுமான்னு தெரியல்ல" என்றாள். "வேண்டாம்" என்றேன். "செரி" என்று வைத்துவிட்டாள்.

உட்கார்ந்து புது மெசேஜ் வடிவம் எழுதினேன். இனி வாங்கியவர் பெயர் கிடையாது. இடம் கிடையாது. 'பத்திரமாகச் சேர்ந்தது. நேரம்.' அவ்வளவுதான். போட்டோவும் வேண்டாம். தகராறு வந்தால் ஆபீஸில் கையெழுத்து இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். சுயம்புவுக்கு அனுப்பி, நாளை முதல் இதுதான், நான் இல்லாவிட்டாலும் இதுதான் என்று எழுதினேன். 'சரி அண்ணாச்சி' என்றான். உதட்டில் மூன்று தையல்.

ஜூன் 10, திங்கள்

தெளிவான வானம். மலை தெரிகிறது.

ஆபீஸ் போய்ச் சாவி கொடுத்தேன். மேஜைக்குக் கீழே தரையில் கறை போகவில்லை. வேனும் இல்லை, சுயம்புவும் இல்லை. பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். பூட்டு. சாவி பக்கத்து வீட்டில்.

"எங்க போறாங்கன்னு சொன்னாளா?"

"எனக்குத் தெரியாதே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் அதேதான். இந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பூனை எங்கே குட்டி போட்டது என்பதுகூட எல்லாருக்கும் தெரியும்.

உள்ளே: அபிஷாவின் புத்தகம் ஒன்றும் இல்லை. லில்லியின் துணி இல்லை. அவள் தையல் மெஷினும் இல்லை. சட்டைகள் ஏழும் தேய்த்து ஹாங்கரில் மாட்டியிருக்கிறது.

மெஷினைத் தூக்க வண்டி வேண்டும். சுயம்புவுக்குப் போன் போட்டேன். எடுத்தான். வேன் ஓடுகிற சத்தம். பின்னால் அபிஷாவின் குரல், "சன்னல அடைங்க மாமா, தூசி" என்று.

"ஏலே, எங்க கொண்டு போற?"

"ஓட்டிட்டு இருக்கேன் அண்ணாச்சி."

"எனக்க பெண்டாட்டி, எனக்க பிள்ளை. எங்கன்னு சொல்லு!"

"சொல்ல மாட்டேன்."

"உனக்க கொடலை உருவிருவேம்ல! வேனோட வச்சுக் கொளுத்திருவேன்!" கத்தினேன். எனக்கே என் சத்தம் அந்நியமாக இருந்தது. கையில் கிடைத்த சட்டையைக் கிழித்திருக்கிறேன். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

உதட்டுத் தையலோடு மெல்லப் பேசினான்.

"வந்து கொளுத்துங்க அண்ணாச்சி. ஆனா எடம் சொல்ல மாட்டேன். எனக்க பிள்ளையளுக்க மேல சத்தியம் வாங்கினது நீருதான்."

வைத்துவிட்டான். மறுபடி போட்டேன். அணைத்திருந்தான். லில்லிக்கு எழுதினேன், 'எங்க இருக்க?' ஒரே டிக். 'நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்' என்று எழுதினேன். ஒரே டிக். அந்த வரியை நானே படித்துப் பார்த்தேன். ஜெகனும் கலாவுக்கு இதையேதான் எழுதியிருப்பான்.

கிழிந்த சட்டையை மடித்து வைத்தேன். மதியம் சாப்பிடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.25க்குச் சத்தம் வந்தது. ஆபீஸ் பெயரிலிருந்து, ஆங்கில எழுத்தில் தமிழ். சுயம்பு அனுப்பியது.

'பத்திரமாகச் சேர்ந்தது. நேரம் 4.10.'

கீழே வேறு வரி இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தேன். இல்லை.